பேர் வெட்டிய போசி

சூட்கேஸ் தராசில் தொங்கியது. பக்கத்துப் பண்ணையில் கோழி எடை போடுகிற கொக்கித் தராசு அது. காலையில்தான் மைதிலி இரவல் வாங்கி வந்திருந்தாள். தாழ்வாரத்தில் துணி காயப்போடும் குழாயில் தராசை மாட்டினாள். தாயும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து சூட்கேஸைத் தூக்கிக் கொக்கியில் கோத்தார்கள். குழாய் அசையவில்லை. ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டியில் தேய்ந்து கழித்துப்போட்ட டிரில் ராடு அது. எத்தனையோ ஊரின் பாறைக்குள் இறங்கி ஏறியது.

"முப்பத்தாறு," என்றாள் மோனிஷா. "ஆறு கிலோ எறக்கோணும்."

"நல்லாப் பாரு சாமி. கோழித் தராசு, கூடத்தான் காட்டும்."

"கோழி வாங்கறவன் தராசும்மா. கொறச்சுத்தான் காட்டும். நெசத்துக்கு நாப்பது இருக்கும்."

மறுநாள் விடிகாலை மைதிலியின் புருசன் ஜெகதீஸ்வரன் ரிக் வேலைக்குக் கானாவுக்குப் புறப்படுகிறான். இங்கே போர் போடாத காடு தோட்டம் இல்லை, போட்ட இடத்தில் தண்ணீர் இல்லை. மொதலாளி தன் ரிக் ஒன்றையும் அதற்குத் துணையாக ஓடும் லாரியையும் கப்பலில் அனுப்பிவிட்டார். பின்னாலேயே ஆட்கள் விமானத்தில். இரண்டு வருசத்துக்குத் திரும்பி வர முடியாது. அதற்கு முப்பது கிலோ.

சூட்கேஸுக்குள் இருந்ததெல்லாம் மைதிலியின் கைப்பட்டவை. கொள்ளுப்பொடி, எள்ளுப்பொடி, குச்சிக்கிழங்கு வடகம், எலுமிச்சை ஊறுகாய், வறுத்து அரைத்த ராகி மாவு. மோனிஷா ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். ராகி மாவைத் தூக்கியபோது மைதிலி கையைப் பிடித்தாள். ஊறுகாயைத் தூக்கியபோதும் பிடித்தாள். அப்புறம் இரண்டையும் அவளே எடுத்து வெளியே வைத்தாள். எதிர்வீட்டு வாசலில் செல்லாயி எருமைக்குத் தவிட்டுத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தாள். தொங்கும் பெட்டியை ஒருதரம் பார்த்தாள். மைதிலியின் பார்வை அந்தப் பக்கம் திரும்பியதும் வாளிக்குள் குனிந்துகொண்டாள். ஜெகதீஸ்வரனின் அண்ணன் பெண்டாட்டி. மைதிலிக்கு ஓரகத்தி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே வாசல்வெளி. ஒன்பது வருசமாகப் பேச்சில்லை.

பெட்டியில் துணி ஒரு மூலைக்குத்தான் இருந்தது. அதையும் பீரோவில் தேடி எடுக்க வேண்டியிருந்தது. அவன் தட்டில் மூன்று சட்டைகள். மூன்றும் தீபாவளிக்கு எடுத்தவை. மடிப்புக் கலையாமல் இருந்தன. ஒன்றின் காலரில் கடைக்காரன் வைத்த அட்டைகூட அப்படியே இருந்தது. மைதிலி அந்த அட்டையை உருவிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அவன் உடுத்திக் கிழித்தது எதுவும் இந்த வீட்டில் இல்லை. பல் துலக்குகிற பிரஷ்கூட வரும்போது புதிதாக வாங்குவான், போகும்போது எடுத்துப்போவான். கல்யாணமாகி இருபத்தொரு வருசம். அவன் சாமான் எல்லாம் லாரியில் இருக்கும் அவனுடைய தகரப் பெட்டியில். அந்தப் பெட்டியை அவள் பார்த்ததேயில்லை. இப்போது அது கடல்மேல் போய்க்கொண்டிருக்கும் என்று நினைத்தாள்.

முந்தின நாள் கேட்டிருந்தாள். "ஏனுங்க, இங்கிருந்து உங்களுக்கு என்ன வேணும்? ரெண்டு வருசம் இருக்கப் போறீங்க. எதாச்சும் சொல்லுங்க, எடுத்து வெக்கறேன்."

"எனக்கென்ன வேணும்? நீ எதாச்சும் வெய்யி," என்று சொல்லிவிட்டு அவன் செல்போனில் வானிலை பார்த்தான். கானாவில் மழையாம்.

அந்தப் பதில் ராத்திரியெல்லாம் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது. வந்து தங்கிவிட்டுப் போகிற விருந்தாளிகள்கூடப் போகும்போது ஒரு கைப்பிடி கறிவேப்பிலை கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

ரிக் வண்டிக்காரர்கள் மழையில்தான் வீடு வருவார்கள். ஐப்பசியில் வடக்கே போன வண்டியெல்லாம் திரும்பி சங்ககிரி ரோட்டு ஓரம் வரிசையாக நிற்கும். அந்த மாதங்களில் டவுன் கடைகளில் கூட்டம் இருக்கும். கறிக்கடையில் வரிசை நிற்கும். கல்யாணம், காதுகுத்து, கிடாவெட்டு எல்லாம் அப்போதுதான். அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு ஆடியிலும் ஆவணியிலும்தான் பிறந்தநாள் வரும். டீச்சரம்மா ஒருதரம் சேர்க்கைப் பாரத்தைப் புரட்டிவிட்டு, "இதென்னங்க, ஊரே ஒரே மாசத்துல பொறந்திருக்குது," என்றதும் நின்றிருந்த பெண்களெல்லாம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். மோனிஷாவும் ஆடிதான்.

மழை விட்டதும் வண்டி கிளம்பும். எலுமிச்சம்பழத்தின்மேல் டயர் ஏறும். அவன் விடிவதற்குள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் இறங்குவான். ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. முதல் வருசம் அதற்காக அழுதாள். அப்புறம் பழகிவிட்டது. அவனுக்கு வண்டிதான் வீடு, இது சத்திரம் என்று முடிவுகட்டிக்கொண்டாள். முடிவுகட்டிக்கொண்டால் வேலை ஓடும். இந்த முறை மட்டும், கடல் தாண்டிப் போகிறவன் இந்த வீட்டிலிருந்து ஒரு சாமானைத் தன் வாயால் கேட்டு எடுத்துப்போக வேண்டும் என்று இருந்தது. ஒரு டம்ளராவது. கேட்கவில்லை.

பதினொரு மணி வாக்கில் டாடா ஏஸ் ஒன்று வாசலில் வந்து நின்றது. மொதலாளி ஆபீஸில் வேலை பார்க்கிற பிரபாகர் இறங்கினான். பின்னால் கிடந்த தகரப் பெட்டிகளில் ஒன்றை இழுத்தான். பச்சைப் பெயிண்ட் உரிந்து, நைலான் கயிறு சுற்றியிருந்தது.

"அக்கா, அண்ணனோட பெட்டிங்க. ஹார்பர்ல எறக்கிப்போட்டுட்டானுங்க. வண்டிக்குள்ள ஆளுங்க சொந்தச் சாமான் ஒண்ணும் இருக்கக் கூடாதாம். பூட்ட ஒடச்சுப் பாத்திருக்கறானுங்க. ஆறு பேருப் பெட்டியும் வந்திருச்சு. ஒருத்தன் பெட்டில கருவாடு. செக்கிங் பண்ண ஆபீசரு ஓடிட்டாராம்."

"அவரு டிக்கெட் வாங்க உங்க ஆபீசுக்குத்தான் வந்தாரு."

"வாங்கிட்டு மலைக்குப் போயிருக்கறாருங்க. எல்லாரும் சேந்து பூசை போடறாங்க. போனுல சொல்லறதுக்குள்ள மேல ஏறிட்டாங்க, டவர் இல்ல." அவன் பெட்டியை நடையில் இறக்கி வைத்தான். மோர் குடித்துவிட்டு, அடுத்த பெட்டியைச் சேர்க்கப் போனான்.

மைதிலி அதைத் திறப்பதாக இல்லை. ஆனால் சூட்கேஸில் வைக்க வேண்டிய அவன் துணிமணி இதற்குள்தான் இருக்க வேண்டும். முடிச்சை அவிழ்த்தாள். டீசல் வாடையும் லைஃப்பாய் சோப்பு வாடையும் சேர்ந்து வந்தன. மேலே கைலிகள், கிரீஸ் ஏறிய பனியன்கள், ஷேவிங் செட், அர்த்தநாரீசுவரர் படம். அதற்குக் கீழே ஒரு பழைய துண்டு விரித்திருந்தது. துண்டை எடுத்தாள்.

தலையணை உறை ஒன்று. மூலையில் பச்சை நூலில் கிளி. அவள் போட்ட தையல். கொடியிலிருந்து நாய் இழுத்துக்கொண்டு போனதென்று நினைத்தது. அதற்குள் சின்னக் குழந்தையின் செருப்பு ஒன்று, இடது கால். அந்த வருசம் ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு காடெல்லாம் தேடினாள். அப்புறம் கொட்டாங்குச்சி அகப்பை. பிடி உடைந்த விசிறி. துணி கிளிப். பழைய வீட்டுச் சாமான் ரூமின் இரும்புச் சாவி. சாவியைப் பார்த்ததும் மோனிஷா சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

"அம்மா! இதத் தேடிக் கெடைக்காமத்தான பூட்ட ஒடச்சோம்? கொல்லன வரச்சொல்லி?"

"ஆமா."

"நம்மூட்டுலயே திருடியிருக்குது அப்பா!"

மைதிலிக்குச் சிரிப்பு வந்தது. கண்ணிலும் தண்ணீர் வந்தது. ஒவ்வொரு நடைக்கும் ஒன்று. விடிவதற்குள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனானே, அந்தப் பைக்குள் இதில் ஒன்று இருந்திருக்கிறது. அகப்பையை எடுத்து முகர்ந்தாள். புளிக்குழம்பு வாசனை லேசாக இருந்தது. அல்லது இருந்ததாக நினைத்துக்கொண்டாள். அடியில் இன்னும் ஏதோ இருந்தது. வேட்டித் துணியில் சுற்றியிருந்தது. பிரித்தாள்.

எவர்சில்வர் தூக்குப்போசி. மூடியோடு. அடியும் பக்கமும் கரி ஏறி, பிடி அறுந்து வெல்டிங் கம்பியால் கட்டியிருந்தது. கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. சு. மைதிலி.

சிரிப்பு நின்றுவிட்டது.

கல்யாணத்துக்கு அவள் அப்பா சுவாமிநாதன் ஆட்டையாம்பட்டியில் பேர் வெட்டிக் கொடுத்த பாத்திரங்களில் அது ஒன்று. தினமும் இரண்டு வேளை அந்தப் போசியைத் தூக்கிக்கொண்டு செல்லாயியின் எருமைக் கட்டுத்தரைக்குப் போவாள். பால் வாங்கத்தான். வாங்கிக்கொண்டு உடனே வந்ததில்லை. செல்லாயி பீய்ச்சி முடிக்கிறவரை எதிரே குந்தியிருப்பாள். இரண்டு பேருக்கும் புருசன் ரிக்கில். அண்ணன் ஒரு வண்டியில் ராஜஸ்தானில், தம்பி இன்னொரு வண்டியில் சத்தீஸ்கரில். கல்யாணமான புதிதில் ராத்திரி தனியாகப் படுக்கப் பயந்தபோது செல்லாயிதான் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் படுத்தாள். ஆடிக் காற்றில் மரம் விழுந்து பஸ் நின்ற நாளில் வலி கண்டது. டெம்போக்காரனைச் சத்தம்போட்டு நிறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது செல்லாயி. குழந்தையை முதலில் கையில் வாங்கியதும் அவள்தான். ஜெகதீஸ்வரன் மகளைப் பார்க்கும்போது அவள் குப்புற விழத் தொடங்கியிருந்தாள். மத்தியானங்களில் இரண்டு பேரும் கடலைக்காய் உடைப்பார்கள். செல்லாயி மாமனார் பேசுகிற மாதிரியே பேசிக்காட்டுவாள். வாய்க்குப் போனது போக, பருப்பை விடத் தோல்தான் அதிகம் சேரும். மைதிலி தன் பழைய நாட்களை நினைத்தால் அதில் வருகிற முகம் புருசனுடையதல்ல.

ஒன்பது வருசத்துக்கு முன்னால், பழைய வீட்டை இடித்த இடத்தில் கட்டிய இந்த வீட்டுக்குக் குடிபுகும் புண்ணியார்ச்சனை செய்தார்கள். மழை மாதம். ஜெகதீஸ்வரன் வந்திருந்தான். செல்லாயி வீட்டுப் பாத்திரமெல்லாம் இங்கே வந்தது. மறுநாள் அவன் வண்டிக்குப் போனான். அதற்கு அடுத்த நாள் பாத்திரம் பிரிக்கும்போது போசியைக் காணவில்லை. சமையலுக்கு வந்த பெண்கள் நாலு பேர் இருந்தார்கள். செல்லாயி அண்டாவைக் கம்பி நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். மைதிலிக்கு உடம்பு அலுப்பு, புருசன் போன ஆத்திரம்.

"இரவல் பாத்திரத்தோட என் போசியும் போயிருச்சாட்ட இருக்குது. இந்நேரம் அரத்த வெச்சுப் பேர ராவியிருப்பாங்க."

யார் முகத்தையும் பார்த்துச் சொல்லவில்லை. செல்லாயி கம்பி நாரைக் கீழே வைத்தாள். எழுந்தாள். தன் பாத்திரங்களைத் தானே சுமந்து வாசலைத் தாண்டிக் கொண்டுபோனாள். பொழுது சாய்கிறபோது மைதிலி பார்த்தாள். செல்லாயி தன் வீட்டில் இருக்கிற பாத்திரம் முழுவதையும், சாமி அறைச் சொம்பு வரைக்கும், வாசலில் வரிசையாகப் பரப்பியிருந்தாள். யார் வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளலாம். ராத்திரி பூராவும் அவை பனியில் கிடந்தன. மைதிலி போகவில்லை. பார்க்கப் போனால் சந்தேகப்பட்டதாகும். போகாவிட்டால் நம்புவதாகும் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி ஆகவில்லை. மறுநாளிலிருந்து பாக்கெட் பால்.

இதை அவள் ஜெகதீஸ்வரனிடம் சொன்னதேயில்லை. ரிக்கில் நிற்கிற ஆளிடம் போனில் வீட்டுத் தகராறு பேசக் கூடாது. சுற்றுகிற ராடுக்குப் பக்கத்தில் கை வைத்து நிற்கிறவன். மனசு ஒரு நிமிசம் வேறு பக்கம் போனால் விரல் போகும். அந்த ஊர்ப் பெண்கள் எல்லாரும் அப்படித்தான். சாவுச் செய்தியைக்கூட வேலை முடிந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் சொல்வார்கள். அவன் ஊருக்கு வந்தபோது சண்டை பழசாகியிருந்தது. பழசைக் கிளறி அண்ணன் தம்பிக்குள் ஏன் என்று விட்டுவிட்டாள்.

மூன்று மணிக்கு அவன் வந்தான். மொட்டைத் தலையில் சந்தனம். நடையில் பெட்டியையும் அதைச் சுற்றி வரிசையாக இருந்த சாமான்களையும் பார்த்து அப்படியே நின்றான்.

"தொறந்துட்டயா?"

"தொறந்தேன்."

அவன் செருப்பைக் கழற்ற ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். மோனிஷா அகப்பையைத் தூக்கிக் காட்டி, "ஏம்ப்பா, இதெல்லாம் வித்தா எவ்வளவு கெடைக்கும்?" என்றாள். அவன் காது சிவந்தது. உட்கார்ந்து செருப்பை, அந்த ஒற்றைச் செருப்பை, எடுத்துத் தூசி தட்டினான்.

"சும்மா. நாலு மாசம் அஞ்சு மாசம் சுத்தறது. எந்த ஊருன்னே தெரியாது. ஊட்டுச் சாமான் ஒண்ணு கண்ணுல பட்டாச் சோறு எறங்கும்."

"கேட்டா நாங் குடுக்க மாட்டனா?"

"கேக்கறதுக்கு ஒரு மாதிரியா இருக்கும் புள்ள."

போசியை அவன் முன்னால் வைத்தாள். அவன் முகம் மலர்ந்தது. "இதுலதான் எனக்குக் காப்பி. சோறும் இதுலதான். வேற எதுவும் வேண்டாம், இத மட்டும் பொட்டில வெச்சுரு. அங்கயும் இதுலயே தின்னுக்கறேன்."

அவள் எதிர்பார்த்திருந்த வார்த்தை. இரண்டு நாளாக இதற்குத்தான் காத்திருந்தாள். தராசின் கொக்கி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"அக்கா ஏன் எங்கூடப் பேசறதில்லைன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

"நெலத்து விசயம்னு நெனச்சேன். வரப்புத் தகராறு எதாச்சும்."

"இதுதானுங்க."

அவள் சொன்னாள். நாலைந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அத்தனை வருசத்துக்கு அது போதுமானதாக இருந்தது. அவன் போசியின் பிடியில் கட்டியிருந்த கம்பியை விரலால் நெருடிக்கொண்டிருந்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்ல?"

"வண்டில நிக்கற ஆளுகிட்டச் சொல்லலாங்களா?"

அவன் கம்பியிலிருந்து கையை எடுத்தான். "நானே போய் அண்ணிகிட்டச் சொல்லறேன்," என்று எழுந்தான்.

"நீங்க என்னத்தச் சொல்லுவீங்க? நீங்க எடுத்தது உங்க ஊட்டுச் சாமான். பேசுனது நானு."

எதிரே எருமை கத்தியது. பால் பீய்ச்சுகிற நேரம். மைதிலி போசியைக் கையில் எடுத்துக்கொண்டாள். கரி அப்படியே இருந்தது. கழுவிக்கொண்டு போகலாமா என்று தோன்றியது. கழுவினால் இன்னொரு தரம் யோசிக்க நேரம் கிடைத்துவிடும். வாசலில் இறங்கினாள். நாற்பது எட்டுக்கூட இருக்காது. முன்பெல்லாம் இந்தத் தூரத்தில் பாதிப் பேச்சு முடிந்திருக்கும்.

செல்லாயி எருமையின் வயிற்றில் தலையை முட்டுக்கொடுத்துப் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். முடி பாதிக்குமேல் நரைத்திருந்தது. இவ்வளவு பக்கத்தில் பார்த்து வெகுநாளாகிவிட்டது.

"அக்கா."

கை நின்றது. மறுபடியும் பீய்ச்சத் தொடங்கியது. "ஆரு?"

"நாந்தானுங்கக்கா."

பால் வாளியில் விழுகிற சத்தம் மட்டும் இருந்தது. மைதிலி போசியை நீட்டிக்கொண்டே நின்றாள். கை வலித்தது. இறக்கவில்லை. செல்லாயி பீய்ச்சி முடித்து, வாளியை ஓரமாக வைத்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு திரும்பினாள். போசியைப் பார்த்தாள். வாங்கினாள். வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, கட்டைவிரலை எழுத்தின்மேல் வைத்து மெதுவாகத் தடவினாள்.

"பேர ராவாமத்தான் வெச்சிருக்கறாங்க."

"அவரு வண்டிக்கு எடுத்துட்டுப் போயிருக்கறாருங்க. எனக்குத் தெரியாது. இன்னைக்குத்தான்…" இத்தனை வருசம் மனசுக்குள் பேசி வைத்திருந்தது ஒன்றும் நாக்குக்கு வரவில்லை. "தப்பாப் பேசிப்போட்டேங்கக்கா."

செல்லாயி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. போசியைக் கவிழ்த்து அடியைப் பார்த்தாள். பிடியில் கட்டிய கம்பியைப் பார்த்தாள்.

"தம்பி எப்பக் கெளம்புது?"

"வெடியால நாலு மணிக்குங்க."

"இதையா கொண்டுபோகுது?"

"இதத்தான் கேக்கறாருங்க. வேற ஒண்ணும் வேண்டாங்கறாரு."

"இத்தன கரியோடயா சீமைக்கு அனுப்புவ? அந்த ஊருக்காரன் பாத்துட்டு என்ன நெனப்பான் நம்ம ஊட்டுப் பொம்பளைங்கள?"

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய்க் குந்தினாள். கம்பி நாரை எடுத்தாள். போசியை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு தேய்க்கத் தொடங்கினாள். உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. மைதிலி நின்றாள். தாழ்வாரத்திலிருந்து மோனிஷாவின் குரல் வந்தது. "அம்மா, இருபத்தெட்டரைதான் இருக்குது! இன்னும் ஒண்ணு வெக்கலாம்!"

செல்லாயியின் முழங்கை வேகமாக ஏறி இறங்கியது. போசியிலிருந்து கறுப்புத் தண்ணீர் வழிந்து, இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த தென்னம்பாத்தியை நோக்கி மெல்ல நகர்ந்தது. வாளியில் பால் நுரை அடங்கிக்கொண்டிருந்தது.